உத்திரத்துக்குள் தகைவு: ஒரே சுமை, பல விடைகள்

கட்டடத்தில் நிற்கும் ஓர் உத்திரத்தின் தகைவை, அதாவது அதன் உள்ளே ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசையை, நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் இல்லை. விசையை அளக்கலாம். நீளம் கூடுவதையும் குறைவதையும் அளக்கலாம். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று பொறியாளர் தாளில் எழுதும் எண் எப்போதுமே ஒரு கணக்கின் விடைதான். அந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கும். பாடநூல்கள் முறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும்போது அவை கணிதத்தில் வேறுபடுவதுபோலத் தோன்றும். உண்மையில் வேறுபாடு இன்னும் அடியில் இருக்கிறது: சுமை ஏறியதும் உத்திரம் எப்படி உருமாறுகிறது என்று நாம் எதை நம்புகிறோம் என்பதில்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசலாம். இரு முனைகளிலும் சும்மா தாங்கி நிற்கும் 6 மீட்டர் உத்திரம். அதன்மேல் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் வீதம் சீரான சுமை. மொத்தச் சுமை 120, ஆகவே ஒவ்வொரு தாங்கியும் 60 கிலோநியூட்டன் ஏந்துகிறது. நடுவில் வளைவு மொமென்ட், அதாவது உத்திரத்தை வளைக்கும் திருப்பம், 90 கிலோநியூட்டன்-மீட்டர். இதுவரை எந்த ஐயத்துக்கும் இடமில்லை. உத்திரம் மரமா, எஃகா, கான்கிரீட்டா என்றுகூட யாரும் கேட்கவில்லை. சமநிலை விதிகளே இந்த எண்களைத் தந்துவிடுகின்றன.

அடுத்த கேள்வியில்தான் சமநிலை கைவிடுகிறது. நடுவெட்டில், அதாவது உத்திரத்தை நடுவில் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தில், இந்த 90 எப்படிப் பகிர்ந்து கிடக்கிறது? மேல் பகுதி அமுங்குகிறது, கீழ்ப் பகுதி இழுபடுகிறது. சமநிலை கேட்பது இரண்டே நிபந்தனைகள்தான்: மொத்த இழுப்பும் மொத்த அமுக்கமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து தரும் திருப்பம் 90 ஆக இருக்க வேண்டும். இவற்றை நிறைவு செய்யும் தகைவுப் பங்கீடுகளுக்கு எண்ணிக்கையே கிடையாது.

செவ்வக வெட்டு ஒன்றை எடுத்து, தகைவு எட்டக்கூடிய உச்ச அளவை முடிவு செய்துகொண்டு, அது தாங்கும் மொமென்ட் என்ன என்று கேட்டால் வரலாறு நான்கு விடைகள் தருகிறது. நான்கிலும் அகலமும், ஆழத்தின் (வெட்டின் மேலிருந்து கீழ்வரை உள்ள உயரத்தின்) வர்க்கமும், உச்சத் தகைவும் பெருக்கப்படுகின்றன. வகுக்கும் எண் மட்டும் மாறுகிறது: 2, 3, 6, 4. தகைவைப் பகுத்தாயும் கதையில் பெரும்பகுதி இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிடும்.

2 என்பது கலிலியோவுடையது. 1638-ல் லெய்டனில் அச்சான நூலில், சுவரில் பதித்த ஓர் உத்திரத்தின் நுனியில் எடையைத் தொங்கவிட்டுக் கேட்டார்: இது எப்போது முறியும்? உத்திரம் தன் கீழ் விளிம்பைச் சுற்றித் திரும்புகிறது, வெட்டின் எல்லா நார்களும் (நீளவாக்கில் ஓடுவதாகக் கருதும் மெல்லிய இழைகளும்) ஒரே அளவு இழுபடுகின்றன என்பது அவர் அனுமானம். பொருள் மீளும் தன்மை கொண்டது, தகைவுக்கும் திரிபுக்கும் (நீளம் மாறும் வீதத்துக்கும்) ஒரு விகிதம் உண்டு என்ற ஹூக்கின் கூற்று வெளிவந்தது 1678-ல். கலிலியோவிடம் அது இல்லை. அவர் படத்தில் கீழ் விளிம்பு என்ற ஒற்றைக் கோடு மொத்த அமுக்கத்தையும் தாங்கியாக வேண்டும். அங்கே தகைவு எல்லையற்றதாகிவிடும். ஆனாலும் வலிமை அகலத்துக்கு நேர்விகிதத்திலும் ஆழத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்ற அவர் முடிவு சரி. பலகையைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் ஏன் அதிகம் தாங்குகிறது என்பதற்கு அதுவே போதும். பங்கீட்டைத் தவறாகப் பிடித்தாலும் விகிதம் தப்பாமல் வந்துவிட்டது.

3 பிரான்ஸின் மாரியோட் வழியாக வந்தது. மரக்கோலையும் கண்ணாடிக் கோலையும் முறித்துப் பார்த்த அவர், நார்கள் ஒரே அளவு இழுபடுவதில்லை, விளிம்பிலிருந்து தொலைவு கூடக்கூட இழுப்பும் கூடுகிறது என்று கண்டார். கீழ்ப்பாதி அமுங்குகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கணக்கில் கொண்டுவரும்போது சறுக்கி, அதே 3-லேயே நின்றுவிட்டார். அவர் நூல் 1686-ல், அவர் இறந்தபின் வெளியானது.

6 வந்தது 1713-ல். இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை வைத்து, நீளம் மாறாத நடுநிலை அச்சு எங்கே இருக்கும் என்று பிரான்ஸின் பாரான் கணக்கிட்டார். அது யார் கண்ணிலும் படவில்லை. 1773-ல் கூலம் பாரிஸ் அகாதமியில் வாசித்த கட்டுரையில் அதே சமநிலை வாதம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பொறியாளர்களின் கைக்கு அது முறையாக வந்து சேர்ந்தது பிரெஞ்சுப் பொறியாளர் நாவியே 1826-ல் அச்சிட்ட பாடங்கள் வழியாகத்தான். கலிலியோவிலிருந்து நாவியே வரை 188 ஆண்டுகள். இதற்கு நடுவே பெர்னூலிகளும் ஆய்லரும் வளைந்த உத்திரத்தின் வடிவத்தை நுட்பமான கணிதத்தில் பிடித்துவிட்டார்கள். வளைவரையைப் பிடிப்பது எளிதாகவும், வெட்டுக்குள் நடப்பதைப் பிடிப்பது கடினமாகவும் இருந்திருக்கிறது.

நாவியேயின் அனுமானம் இதுதான்: வளைவதற்கு முன் தட்டையாக இருந்த வெட்டு, வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும், சாயும், ஆனால் முறுக்கிக்கொள்ளாது. இது கிடைத்ததும் மற்றதெல்லாம் சரசரவென்று வந்துவிடும். வெட்டு தட்டையாகச் சாய்ந்தால் திரிபு நேர்கோட்டில் மாறும். ஹூக்கின் விதிப்படி தகைவும் நேர்கோட்டில் மாறும். இழுப்பும் அமுக்கமும் சமம் என்றால் நடுநிலை அச்சு பரப்பு மையத்தின் வழியே போக வேண்டும். மொமென்ட்டை நிலைமத் திருப்புத்திறனால் (வெட்டின் பரப்பு அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணால்) வகுத்து, அச்சிலிருந்து உள்ள தொலைவால் பெருக்கினால் அந்த இடத்துத் தகைவு கிடைக்கும். இன்றும் உலகெங்கும் வடிவமைப்பு அலுவலகங்களில் நாள்தோறும் ஓடும் வாய்பாடு இது.

நம் 6 மீட்டர் உத்திரத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஐ வடிவ எஃகு வெட்டு: மொத்த ஆழம் 400 மி.மீ., மேலும் கீழும் 150 மி.மீ. அகலமும் 15 மி.மீ. தடிமனும் கொண்ட ஃபிளேஞ்ச் என்ற கிடைத்தகடு, நடுவே அவற்றை இணைக்கும் 10 மி.மீ. தடிமனுள்ள வெப் என்ற நிற்கும் தகடு. நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 20.9 கோடி மி.மீ. நான்காம் அடுக்கு. விளிம்பில் தகைவு 86 நியூட்டன்/ச.மி.மீ. வருகிறது. இதே எடை எஃகை, இதே 400 மி.மீ. ஆழத்தில், ஒல்லியான செவ்வகமாக வார்த்திருந்தால் தகைவு 165 ஆகியிருக்கும். வெப் இந்த வெட்டின் பரப்பில் 45 விழுக்காடு. ஆனால் வளைவைத் தாங்குவதில் அதன் பங்கு 20 விழுக்காடுதான். ஃபிளேஞ்ச் ஏன் தடிக்கிறது, வெப் ஏன் மெலிகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அப்படியானால் வெப் எதற்கு? வெட்டுவிசைக்கு, அதாவது ஒரு பகுதியை அடுத்த பகுதியின்மேல் வழுக்கத் தள்ளும் விசைக்கு. இரண்டு பலகைகளை ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்தால், இடைமட்டத்தில் ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கும். ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது. வலிமை இரட்டிப்பாகும்; விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, நான்கு மடங்காகும். அந்த வழுக்கலைத் தடுக்கும் தகைவுதான் உத்திரத்தின் நீளவாக்கில் ஓடும் வெட்டுத் தகைவு. எஃகில் இதைக் கவனிக்காமல் விட்டாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். மரத்தில் முடியாது, நார்வாக்கில் மரம் எளிதில் பிளந்துவிடும். இதைக் கணக்கில் கொண்டுவந்த ரஷ்யப் பொறியாளர் ழுராவ்ஸ்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதையின் மரப்பாலங்களில் வேலை பார்த்தவர் என்பது தற்செயல் அல்ல.

அவர் வழி எளிமையானது. பக்கத்துப் பக்கத்து இரண்டு வெட்டுகளில் மொமென்ட் வேறுபடுகிறது. அதனால் மேல் துண்டை ஒருபுறம் தள்ளும் விசையும் மறுபுறம் தள்ளும் விசையும் சமமாக இல்லை. மிச்சத்தை இடைமட்டம் தாங்கியே ஆக வேண்டும். நம் உத்திரத்தில் தாங்கியருகே வெட்டுவிசை 60 கிலோநியூட்டன். ழுராவ்ஸ்கி முறையில் வெப்பின் நடுவே வெட்டுத் தகைவு 17.3; ஃபிளேஞ்சைத் தொடும் இடத்தில் 12.4. மொத்த வெட்டுவிசையையும் வெப்பின் பரப்பால் சும்மா வகுத்தால் 16.2. எஃகு உத்திரத்துக்குப் பலர் அந்த எளிய வகுத்தலோடு நிறுத்திக்கொள்வது சோம்பல் அல்ல, நியாயம்தான். செவ்வகத்தில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே நடுமட்டத் தகைவு சராசரியைவிட ஒன்றரை மடங்கு.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வெட்டு தட்டையாகவும் அச்சுக்குச் செங்குத்தாகவும் இருக்கும் என்றால் வெட்டுத் திரிபு சுழி. அப்படியானால் வெட்டுத் தகைவும் சுழியாக இருக்க வேண்டும். அதே அனுமானத்திலிருந்து பிறந்த வாய்பாட்டை வைத்து 17.3 என்று எழுதுகிறோம்! முன்வாசலில் இல்லை என்று சொன்னதைச் சமநிலை என்ற பின்வாசல் வழியாக உள்ளே அழைக்கிறோம். நீண்டு மெலிந்த உத்திரங்களில் இந்த முரண்பாடு விடையைக் கெடுப்பதில்லை. குட்டையான உத்திரங்களிலும் அதிரும் உத்திரங்களிலும் கெடுக்கும். 1921-ல் டிமோஷென்கோ, வெட்டு தட்டையாக இருக்கட்டும், ஆனால் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு கட்டை அவிழ்த்துவிட்டார். இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் உத்திர உறுப்புக்கு அடிப்படை அதுதான்.

வளைவும் வெட்டும் ஒரே புள்ளியில் சேரும்போது, எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தகைவு மாறும். 1882-ல் மோர் வரைந்த வட்டம் அந்தத் திசை மாற்றத்தை ஒரு படத்தில் அடக்கிவிட்டது. தாங்கியருகே, நடுமட்டத்தில், வளைவுத் தகைவு சுழி; இருப்பது 17.3 வெட்டு மட்டுமே. அதையே 45 பாகை சாய்த்துப் பார்த்தால் ஒரு திசையில் 17.3 இழுப்பு, அதற்குச் செங்குத்தாக 17.3 அமுக்கம். எஃகு இதைப் பொருட்படுத்தாது. இழுப்பில் சில நியூட்டனுக்குமேல் தாங்காத கான்கிரீட் இப்படிச் சாய்ந்த இழுப்பைக் கண்டால் அதற்குக் குறுக்கே பிளக்கும். கான்கிரீட் உத்திரங்களின் முனைப்பகுதியில் சாய்வாக ஓடும் விரிசல்கள் அங்கிருந்து வருபவை. விரிசல் விட்ட உத்திரத்தில் ஹூக்கையும் நாவியேயையும் நம்பிப் பயனில்லை. 1899-ல் ரிட்டரும், பின்னர் மோர்ஷும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு படம் வரைந்தார்கள்: விரிசல்களுக்கு இடையே நிற்கும் கான்கிரீட் துண்டுகள் அமுக்கத் தண்டுகள், ஸ்டிரப் கம்பிகள் (கான்கிரீட்டுக்குள் வளைத்துப் போடும் எஃகு வளையங்கள்) இழுப்புத் தண்டுகள், உத்திரமே ஒரு ட்ரஸ், அதாவது தண்டுகளால் கட்டிய சட்டகம்.

தாங்கிகள் இரண்டுக்கு மேல் போனால் சிக்கல் வெட்டுக்குள் மட்டும் நிற்பதில்லை. மொமென்ட்டையே சமநிலையால் கண்டுபிடிக்க முடியாது. நம் உத்திரத்தைப் போலவே இன்னொன்றை அடுத்து இணைத்து, மூன்று தாங்கிகளின்மேல் தொடர் உத்திரமாக்கினால், நடுத்தாங்கியின் மேலே மொமென்ட் அதே 90 வருகிறது. ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் உச்சம் 51 ஆக இறங்குகிறது. இந்த விடைக்கு மூன்று தாங்கிகளும் ஒரே மட்டத்தில் அசையாமல் நிற்கின்றன என்று நம்பியாக வேண்டும். கிளாப்பெரோன் 1857-ல் தந்த மூன்று மொமென்ட் சமன்பாடும், ஹார்டி கிராஸ் 1930-ல் வெளியிட்ட மொமென்ட் பகிர்வு முறையும் அந்த நம்பிக்கையை எண்ணாக மாற்றும் வழிகள்தாம். கணினி வருவதற்கு முந்தைய ஒரு தலைமுறையே கிராஸின் முறையில் வாழ்ந்தது. முனைகளை முதலில் பூட்டிவிடு, ஒவ்வொன்றாகத் திற, மிஞ்சும் மொமென்ட்டை விறைப்புக்கு ஏற்பப் பிரித்துக் கொடு, வேறுபாடு சிறுக்கும் வரை திரும்பச் செய். வேண்டிய துல்லியம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் அழகு.

நடுத்தாங்கி 10 மி.மீ. மட்டும் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமையில் மாற்றமில்லை. விறைப்பின் மூன்று மடங்கை 10-ஆல் பெருக்கி, பாகத்தின் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மொமென்ட் மாற்றம் கிடைக்கும்: 35 கிலோநியூட்டன்-மீட்டர். நடுத்தாங்கியின் 90 இப்போது 55. பாகத்துக்குள் இருந்த 51 இப்போது 65. தாங்கியின் மேலே தகைவு 86-லிருந்து 53-க்கு விழுந்துவிட்டது. பத்து மில்லிமீட்டர் என்பது கட்டுமானத்தில் யாரையும் திடுக்கிட வைக்கும் அளவல்ல. அடித்தளம் படிவதிலும், தூண்களின் உயரப் பிழையிலும், போல்ட் துளைகளின் தளர்விலும் மில்லிமீட்டர்கள் தாராளமாகப் புழங்கும். கணினித் திரை நடுத்தாங்கித் தகைவை 86.10 என்று இரண்டு தசம இடங்களில் காட்டும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 1929-ல் பிரிட்டனில் எஃகுக் கட்டமைப்பு ஆய்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கட்டி எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த உண்மையான கட்டடங்களில் அளவிகளைப் பொருத்தித் திரிபுகளை அளந்தார்கள். வடிவமைப்பாளர்கள் கணக்கிட்ட தகைவுகளுக்கும் உறுப்புகளில் கிடைத்தவற்றுக்கும் அதிகத் தொடர்பு இல்லை. அப்படியும் கட்டடங்கள் நன்றாகவே நின்றன. அந்தக் குழுவில் பணியாற்றிய ஜான் பேக்கர் எடுத்த முடிவு துணிச்சலானது: மீட்சித் தகைவை (சுமையை எடுத்தால் பொருள் பழைய நிலைக்குத் திரும்பும் எல்லைக்குள் கணக்கிடும் தகைவை) இன்னும் துல்லியமாகத் துரத்துவதை விட்டுவிட்டு, உத்திரம் எப்போது சரியும் என்று கேட்போம்.

அங்கேதான் நான்காவது எண்ணான 4 வருகிறது. மென் எஃகு ஓர் எல்லைக்குமேல் தகைவு ஏறாமலே நீளும். விளிம்பு நார் அந்த எல்லையைத் தொட்டதும் உத்திரம் முறிவதில்லை. அது தன் பங்கோடு நின்றுகொள்ள, அடுத்த நார் சுமையை ஏற்கிறது. இப்படியே உள்ளே போய், மேல்பாதி முழுவதும் எல்லை அமுக்கத்திலும் கீழ்ப்பாதி முழுவதும் எல்லை இழுப்பிலும் இருக்கும்போதுதான் வெட்டு கையை விரிக்கும். செவ்வகத்துக்கு 6-க்குப் பதில் 4, அதாவது ஒன்றரை மடங்கு தாங்குதிறன். ஐ வடிவத்தில் பொருள் ஏற்கெனவே விளிம்புகளில் குவிந்திருப்பதால் கூடுதல் சுமார் 15 விழுக்காடுதான்.

இந்த வழியின் பெரிய லாபம் அந்தக் கூடுதல் அல்ல. உருட்டாலையிலிருந்து வரும் ஐ வடிவ எஃகு, சுமை எதுவும் ஏறுமுன்பே தகைவோடுதான் வருகிறது. ஃபிளேஞ்சின் நுனிகள் முதலில் குளிர்ந்து இறுகுகின்றன. வெப்போடு சேரும் இடம் பின்னால் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. நுனிகள் அமுக்கத்தில் மாட்டிக்கொள்கின்றன. அந்த எச்சத் தகைவு நாம் கணக்கிட்ட 86-க்கு இணையாகவே இருக்கலாம். ஆகவே 86 என்பது உத்திரத்துக்குள் உண்மையில் இருக்கும் எண் அல்ல. சுமை கொண்டுவந்த மாற்றம் மட்டுமே. மீட்சிக் கோட்பாட்டுக்கு இது தலைவலி. எல்லையைத் தொட்டு நீள்வதையும் கணக்கில் சேர்க்கும் பிளாஸ்டிக் கோட்பாட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் எல்லையைத் தொட்டு நீண்டதும் எச்சத் தகைவு அழிந்துவிடும். தாங்கி 10 மி.மீ. இறங்கியதும் அப்படியே, சரிவுச் சுமை மாறாது. சமநிலைக்கு உட்பட்டு, எங்கும் எல்லையைத் தாண்டாத ஏதாவது ஒரு பங்கீட்டைக் காட்டிவிட்டால் போதும், கட்டமைப்பு அந்தச் சுமையைத் தாங்கும் என்பது இந்தக் கோட்பாட்டின் மையத் தேற்றம். உண்மையான பங்கீடு எது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை!

இதற்கு விலை உண்டு. பொருள் நன்றாக நீள வேண்டும். ஃபிளேஞ்ச் நெளியாமலும் உத்திரம் பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் வார்ப்பிரும்புக்கும் இது செல்லாது. திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வரும் சோர்வு முறிவுக்கும் செல்லாது. அங்கே ஏற்ற இறக்கத்தின் அளவுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது, அதற்கு நாவியேதான் துணை. பாலத்து கர்டரின் பற்றவைப்பைச் சரிபார்ப்பவர் ஒரே உத்திரத்துக்கு இரண்டு கோட்பாடுகளையும் பயன்படுத்துவதில் முரண்பாடு இல்லை, கேள்விகள் இரண்டு.

தட்டைவெட்டு அனுமானம் முற்றாகக் கைவிடும் இடங்களும் உண்டு. ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமே உள்ள குட்டை உத்திரங்கள்; தாங்கியின் நேர் மேலே உள்ள பகுதி; வெப்பில் குழாய்க்காக வெட்டிய துளை; ஆழம் திடீரென மாறும் படி. இத்தகைய இடையூறின் தாக்கம் ஏறத்தாழ உத்திரத்தின் ஓர் ஆழ அளவு தள்ளிப் போனால் கரைந்துவிடும் என்பது சென்-வெனான் கொள்கையின் சாரம். 400 மி.மீ. ஆழமுள்ள 6 மீட்டர் உத்திரத்தில் இரு முனைகளிலும் 400 மி.மீ. போனாலும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் நல்ல நிலம் மிஞ்சும். 2 மீட்டர் ஆழமும் 4 மீட்டர் நீளமும் உள்ள கான்கிரீட் உத்திரத்தில் எதுவும் மிஞ்சாது. அங்கே மொமென்ட்டை நிலைமத் திருப்புத்திறனால் வகுப்பது வெறும் சடங்கு. சுமை எந்த வழியாகத் தாங்கிக்குப் போகும் என்று அமுக்கத் தண்டுகளையும் இழுப்புக் கம்பிகளையும் வரைந்து, ரிட்டரின் ட்ரஸ்ஸை நீட்டித்துக் கணக்கிடுகிறார்கள்.

ஃபைனைட் எலிமென்ட் முறை இத்தகைய இடங்களுக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். டர்னரும் கிளஃபும் மற்ற இருவரும் 1956-ல் விமான இறக்கைகளின் விறைப்புக்காக எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. பெயரை 1960-ல் கிளஃப் வைத்தார். உத்திரத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இடப்பெயர்ச்சி ஓர் எளிய வடிவில் மாறும் என்று வைத்துக்கொள்வதே முறை. அனுமானம் இங்கே ஒழியவில்லை. முழு வெட்டிலிருந்து துண்டுக்குள் இடம் மாறியிருக்கிறது. நேர்கோட்டு விளிம்பு கொண்ட நான்கு முனைத் துண்டு வளையத் தெரியாதது. ஆழத்துக்கு ஒன்று வீதம் அதை அடுக்கினால் உத்திரம் பொய்யான விறைப்போடு நிற்கும், தொய்வும் தகைவும் குறைவாகக் காட்டும். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு: உள்நோக்கிய கூர்மூலையில் துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணிலும் நிற்காது. கணித மாதிரியில் அங்கே தகைவு எல்லையற்றது. திரையில் சிவப்பாகத் தெரியும் உச்ச எண்ணை அப்படியே அறிக்கையில் எழுதுபவர், தான் தேர்ந்த துண்டின் அளவைத்தான் எழுதுகிறார்.

1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில், ஸ்டாவாங்கர் அருகே உள்ள கடற்கழியில், ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிக்கட்டை சோதனைக்காக ஆழ்த்தப்பட்டபோது சுவர் ஒன்று விரிசல் விட்டு, அடிக்கட்டை முழுவதும் மூழ்கிப்போனது. விசாரணையில் வெளிவந்தது: அறைகள் சந்திக்கும் இடத்திலிருந்த முக்கோணக் குழிகளின் சுவர்களைக் கரடுமுரடான, கோணலான துண்டுகளால் மாதிரி செய்திருந்தார்கள், வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அந்தச் சுவர் இரு முனைகளுக்கு இடையே நீரழுத்தத்தை ஏந்தி நிற்கும் ஓர் உத்திரம்தான். இரு முனைகளும் ஒத்தவை என்றால், முனையில் வெட்டுவிசை அழுத்தத்தையும் இடைவெளி நீளத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தது. நம் 60 கிலோநியூட்டனைக் கண்டுபிடித்த அதே ஒரு வரி. அது அனுமானமே இல்லாத பகுதி, சமநிலை. மாதிரியின் தகைவுகளை வெட்டு முழுவதும் கூட்டி அந்த ஒரு வரியோடு ஒப்பிட்டிருந்தால் குறைவு தெரிந்திருக்கும்.

அளந்து பார்த்துவிடலாமே என்று தோன்றலாம். ஒளியால் பார்க்கும் வழி பழையது: அழுத்தப்பட்ட கண்ணாடி முனைவுற்ற (ஒரே தளத்தில் மட்டும் அதிரும்) ஒளியில் நிறப்பட்டைகள் காட்டும் என்பதை டேவிட் பிரூஸ்டர் 1810-களில் கண்டார். 20-ஆம் நூற்றாண்டில் ஒளிபுகும் நெகிழி மாதிரிகளைச் செய்து, துளையைச் சுற்றியும் மூலையிலும் தகைவு நெருங்கும் இடங்களைப் பட்டைகளாக எண்ணினார்கள். 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸும் ரூஜும் தனித்தனியே உருவாக்கிய ஒட்டுத் திரிபளவி ஆய்வுக்கூடத்திலிருந்து களத்துக்கு வந்தது. மெல்லிய கம்பியை எஃகின்மேல் ஒட்டிவிட்டால், எஃகு நீளும்போது கம்பியும் நீண்டு மின்தடை மாறும். மாற்றம் மிகச் சிறியது. நம் உத்திரத்தின் 86 நியூட்டன் தகைவில் எஃகு மீட்டருக்கு 0.43 மி.மீ. நீளும், வழக்கமான அளவியில் தடை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாறும்.

அளவி காட்டுவது ஒட்டிய நொடிக்குப் பிந்திய மாற்றத்தை மட்டுமே. ஏற்கெனவே நிற்கும் பாலத்தில் ஒட்டினால், வண்டி போகும்போது ஏறும் தகைவு தெரியும். பாலம் தன் எடையால் சுமந்துகொண்டிருக்கும் தகைவு தெரியாது. அருகே சிறு துளையிட்டு, இறுக்கம் தளரும்போது திரிபு எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. அது மேற்பரப்பில் ஒரு புள்ளியின் கதையை, எச்சத் தகைவும் சுமைத் தகைவும் கலந்த நிலையில் சொல்லும். தொடர் உத்திரமாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. தாங்கியருகே ஹைட்ராலிக் ஜாக்கை வைத்து, உத்திரம் தாங்கியிலிருந்து மயிரிழை எழும்வரை தூக்கி, அப்போது ஜாக் காட்டும் விசையைக் குறித்துக்கொள்வார்கள். எல்லாத் தாங்கிகளிலும் அதைச் செய்து முடித்தால் எதிர்விசைகள் கையில் வந்துவிடும். தாங்கி எவ்வளவு இறங்கியது, விறைப்பு என்ன என்று எதையும் அனுமானிக்காமல் மொமென்ட் கிடைக்கும். மூன்றாவது தாங்கியால் நாம் இழந்த விவரம் அந்த ஜாக்கின் அழுத்தமானியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மொமென்ட்டை எதனால் வகுப்பது என்ற கேள்விக்கு மட்டும், 6-ஆ 4-ஆ என்று பழையபடி யாராவது முடிவு செய்தாக வேண்டும்.